அந்த நிலம் சும்மா கிடக்கவில்லை: மொரீஷியஸில் எங்கள் கோயில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன வெள்ளிக்கிழமை கோயில் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய தாளை மூன்று முறை படித்தேன். பிரெஞ்சில் ஒன்றரைப் பக்கம். தமிழில் ஒரு வரிகூட இல்லை. அது வேறு சண்டை, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மூன்று அர்ப்பான் (ஏறக்குறைய மூன்று ஏக்கர்) நிலத்தை, ‘பயன்படாமல் கிடக்கும் நிலம்’ என்று சொல்லி, உறைய வைத்த உணவை இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனிக்கு 25 வருடக் குத்தகைக்கு விடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் அங்கே குளிர்பதனக் கிடங்கு கட்டுவார்களாம். வருகிற பணத்தில் கல்யாண மண்டபத்துக்கு ஏசி போடலாமாம். அங்கே காய்கறி போடும் ஆறு குடும்பங்களும் அடுத்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம்.

அந்த ஆறில் ஒன்று என் குடும்பம். உங்களில் மூன்று பேர் ஆறாம் வகுப்புவரை என்னிடம் தமிழ் படித்தவர்கள். ‘மிஸ் எப்போதும் இப்படித்தான்’ என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

பயன்படாமல் கிடக்கும் நிலத்தில் அந்த வெள்ளிக்கிழமை காலையில் என்ன இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வடக்கு மூலையில் உருளைக்கிழங்கு, எடுக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. உங்கள் கெடு அதற்கு முன்பே முடிகிறது. அதை ஒட்டி நாலு பாத்தி முட்டைக்கோஸ், இரண்டு பாத்தி கேரட். வாய்க்கால் ஓரம் சேம்பு. பந்தலில் பீர்க்கங்காயும் பாகற்காயும். சுவர் ஓரத்தில் பதினொரு முருங்கை மரம். அன்று காலையில் நான் பறித்த கீரை நாற்பது கட்டு. அதில் ஐந்து கட்டு உங்கள் கோயில் மடப்பள்ளிக்குத்தான் போனது. வாங்கிக்கொண்டவர் இந்தத் தாளை ஒட்டிய கையோடு வந்திருந்தார், விரலில் பசை இன்னும் காயவில்லை.

இந்த நிலம் எப்படி வந்தது என்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கரும்புத் தோட்டக்காரர்கள் கோயிலுக்கு நல்ல நிலம் கொடுத்ததில்லை. கரும்பு ஏறாத, கல் நிறைந்த மூலையைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். என் பாட்டனாரும் அவர் வயதுக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கல் பொறுக்கினார்கள். மேற்குப் பக்கம் ஆள் உயரத்துக்கு நிற்கிறதே, நீங்கள் வண்டி நிறுத்துவதற்கு இடைஞ்சல் என்று அடிக்கடி சொல்லும் அந்தக் கல்மேடு, அது அவர்கள் பொறுக்கிப் போட்டது. அதன் அடியில் மண் என்று ஒன்று வர இரண்டு தலைமுறை ஆனது. 25 வருடம் கழித்து நிலம் நம் கைக்குத் திரும்பி வரும் என்று தாளில் இருக்கிறது. காங்கிரீட்டுக்கு அடியில் போன மண் எந்தக் குத்தகை முடிந்தாலும் திரும்பாது.

என் பாட்டி வடக்கில் ஒரு தோட்டத்தில் கரும்பு வெட்டியவர். 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் நம் தீவுக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. வங்காளத்துக்கும் அதே அரிசிதான் நின்றது. அடுத்த வருடம் அங்கே 20 முதல் 30 லட்சம் பேர் மாண்டதற்குப் பல காரணங்கள் உண்டு, அதில் அதுவும் ஒன்று. இங்கே ஆட்கள் அப்படிச் சாகவில்லை. ஆனால் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் கரும்பு, வாயில் போட ஒன்றுமில்லை. கடைசியில் அரசாங்கமே தோட்டங்களைக் கட்டாயப்படுத்தி, கரும்பு நிலத்தில் ஒரு பங்கை எடுத்து மக்காச்சோளமும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட வைத்தது. மக்காச்சோள மாவைக் கிண்டித் தின்ற கதையைப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சோற்றில் ஒரு பருக்கை கீழே விழுந்தாலும் எங்களுக்கு அடி விழும்.

அந்தப் பசிக் காலத்தில்தான், 1943 செப்டம்பர் 27-இல், பெல் வூ ஹரேல் தோட்டத்தில் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் போலீஸ் சுட்டது. கர்ப்பிணியாக இருந்த அஞ்சலை கூப்பன், கிருஷ்ணசாமி முனிசாமி, முனுசாமி முனியன், மருதை பனப்பன். நாலு பேர், முனியன் சின்னப் பையன். வருடா வருடம் அஞ்சலைக்கு மாலை போடுகிறோம். விளையாட்டு அரங்கத்துக்குப் பெயர் வைத்திருக்கிறோம். அவர்கள் ஏன் செத்தார்கள் என்பதை மேடையில் பேசும்போது கூலியைச் சொல்கிறோம், சோற்றை விட்டுவிடுகிறோம்.

சரி, அது பழைய கதை என்பீர்கள். 2020-க்கு வருகிறேன். மார்ச் 20-இல் ஊரடங்கு. 24-ஆம் தேதி சூப்பர் மார்க்கெட், பேக்கரி, சின்னக் கடை எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். ஏப்ரல் 2-இல் திறந்தபோதும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். ஏ முதல் எஃப் வரை திங்களும் வியாழனும், அடுத்த எழுத்துக்காரர்கள் செவ்வாயும் வெள்ளியும், மீதிப் பேர் புதனும் சனியும். மூடியிருந்த அந்த நாளெல்லாம் இந்தத் தெருக்காரர்கள் எங்கே வந்தார்கள்? கோயில் பின்சுவருக்கு. சுவர் மேல் ஒரு கூடை வைத்தோம். காசு இருந்தால் போடலாம், இல்லையென்றால் பையை மட்டும் நீட்டலாம். கீரை, கத்தரிக்காய், பச்சை வாழைக்காய், சேப்பங்கிழங்கு. சமயம், சாதி எதுவும் கேட்கவில்லை. மசூதித் தெருவிலிருந்தும் வந்தார்கள், மாதா கோயில் பக்கமிருந்தும் வந்தார்கள். (அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்தவர்களும் உண்டு. போலீஸ்காரர் ஒருவரும் கீரை வாங்கினார், அதனால் அந்தப் பேச்சை விடுவோம்.) அன்று பையை நீட்டி நின்றவர்களில் இரண்டு பேர் இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். யாரென்று நான் எழுதப்போவதில்லை. அவர்களுக்குத் தெரியும்.

2023 ஜூலை 20-இல் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. உலகம் விற்கும் அரிசியில் ஏறக்குறைய 40 சதவீதம் அந்த ஒரு நாட்டிலிருந்து போகிறது. அவர்கள் ஊரில் விலை ஏறியது, நிறுத்தினார்கள். அவர்கள் அரிசி, தப்பு சொல்ல எனக்கு வாயில்லை. நம் அரசு கேட்ட பிறகு மொரீஷியஸுக்கு என்று 14,000 டன் விட்டார்கள். சுமார் 12 லட்சத்து 60 ஆயிரம் பேர் இருக்கும் தீவில் அது ஆளுக்கு 11 கிலோ. அந்த டிசம்பரில் வெங்காயத்துக்கும் தடை வந்தது. அதற்கும் கேட்டோம், 1,200 டன் கிடைத்தது. அதாவது ஆளுக்கு ஒரு கிலோகூட இல்லை. இடையில் 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. சந்தையில் தக்காளி, பீன்ஸ் விலையைக் கேட்டுவிட்டு ஜனங்கள் வெறும் பையோடு திரும்பினார்கள். நம் நிலத்திலும் பந்தல் சாய்ந்தது, கத்தரி அழுகியது. ஆனால் ஒடிந்த முருங்கை துளிர்த்தது, கீரை மறுபடி வந்தது. கப்பலில் வரும் பொருளுக்கு அப்படித் துளிர்க்கத் தெரியாது.

இப்போது காவடி அன்னதானத்துக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

இந்த வருடக் காவடியன்று விடிகாலை மூன்று மணிக்கு நான் மடப்பள்ளியில் இருந்தேன். பெரிய தெக்சிகள் அடுப்பில் ஏறியாயிற்று. பத்து நாள் விரதம் இருந்தவர்களுக்கு வாழையிலையில் ஏழு கறி போட வேண்டும். தமிழ் மிஸ்ஸின் பழக்கம், கையில் எது கிடைத்தாலும் படிப்பேன். காலிப் பைகளை மடித்து அடுக்கும்போது ஒவ்வொன்றிலும் எழுதியிருந்ததைப் படித்தேன். அரிசி இந்தியா. பருப்பு கனடா. ரசத்துக்குப் போன புளி இந்தியா. எண்ணெய் டின்னில் இருந்தது சோயா, எந்தக் கண்டத்துச் சோயா என்று எழுதவில்லை. பட்டாணியும் கேரட்டும் பீன்ஸும் கலந்த பனிக்கட்டிப் பை பெல்ஜியம். அந்தப் பையை வெட்டிக் கொட்டியபோது தெக்சிக்குள் கல் விழுகிற சத்தம் கேட்டது. உருளைக்கிழங்கு ஏதோ ஒரு குளிர்கிடங்கிலிருந்து வந்து முளை விட்டிருந்தது. பெரிய வெள்ளை மொச்சை மடகாஸ்கர்.

இந்தத் தீவில் விளைந்தது என்று எண்ணினால் நாலு. பூசணிக்காய், ஒரு பக்தர் வீட்டு மரத்துப் பலாக்காய், வாழையிலை, முருங்கைக்கீரை. கீரையும் இலையும் நீங்கள் பயன்படவில்லை என்று சொல்லும் நிலத்திலிருந்து வந்தவை.

அந்த மொச்சையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்கிறேன். தால் பூரிக்குள் வைத்துச் சாப்பிடுகிறோமே, அது மடகாஸ்கரின் தென்மேற்கில் விளைந்து நமக்கும் பக்கத்துத் தீவான ரியூனியனுக்கும் வருகிறது. அதே நாட்டின் தெற்கில் 2021-இல் மழை பொய்த்துப் போய், மக்கள் கள்ளிப்பழமும் காட்டு இலையும் வெட்டுக்கிளியும் தின்றார்கள். பக்கத்து வீடு அது. காசு உள்ள கைக்கு மொச்சை கடல் தாண்டி வரும், காசு இல்லாத கைக்கு மலை தாண்டியும் வராது. நாம் அதைச் சாப்பிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை, விற்றவனுக்கும் பிழைப்பு வேண்டும். ஆனால் அன்னதானம் என்று பெயர் வைத்து இலை போடும்போது இதெல்லாம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

‘பின்சுவர்த் தோட்டத்துக்கு உலகப் பசியை ஏன் இழுக்கிறாய்’ என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். ஐநா அமைப்புகளின் கணக்குப்படி 2024-இல் பசியோடு இருந்தவர்கள் 67 கோடிக்கு மேல். நல்ல சாப்பாடு வாங்கக் கட்டுப்படி ஆகாதவர்கள் 260 கோடி. விளையாமலா இந்தப் பசி? உலகம் வருடத்துக்கு ஏறக்குறைய 280 கோடி டன் தானியம் விளைவிக்கிறது. பிரித்துக் கொடுத்தால் தலைக்கு நாளுக்கு 900 கிராம் வரும். அதில் பெரிய பங்கு மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாகப் போகிறது. அமெரிக்க மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனாலாகி வண்டிக்குள் போகிறது. எவன் அதிக விலை கொடுக்கிறானோ அவன் பக்கம் கப்பல் திரும்புகிறது. சின்ன நாடு, சின்ன ஆர்டர், வரிசையில் கடைசி ஆள். நம் உணவில் நான்கில் மூன்று பங்கு அந்தக் கப்பல்களில்தான் வருகிறது.

நம் தீவும் இந்த ஆட்டத்தை ஆடிய தீவுதான். 1975 முதல் ஐரோப்பா வருடத்துக்குச் சுமார் 5 லட்சம் டன் சர்க்கரையை நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டது. கரும்பைத் தவிர வேறு எதையும் நாம் யோசிக்கவில்லை. 2006 முதல் 2009-க்குள் அவர்கள் விலையை 36 சதவீதம் குறைத்தார்கள், ஒப்பந்தமும் முடிந்தது. ஒருகாலத்தில் 70,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த கரும்பு இப்போது 40,000-க்குள் வந்துவிட்டது. விட்ட நிலத்தில் காய்கறி வந்ததா? கொஞ்சம் வந்தது. மற்றபடி வில்லா வந்தது, கோல்ஃப் மைதானம் வந்தது, ஸ்மார்ட் சிட்டி வந்தது, மீதி புதர். வெளிநாட்டுக்காரருக்கு வில்லா விற்கும் தோட்டக் கம்பெனியைத் திட்டித் தெருமுனையில் நாம் பேசாத பேச்சில்லை. நம் கையில் இருப்பது மூன்று அர்ப்பான். நாமும் அதையே செய்கிறோம்.

பட்டினி இங்கே இல்லையே என்பீர்கள். என் தெருவில் தனியாக இருக்கும் ஒரு மூதாட்டி ரேசன் அரிசி, ரொட்டி, பாக்கெட் நூடுல்ஸ் மூன்றை வைத்தே வாரம் ஓட்டுகிறார். வயிறு நிறைகிறது. கால் புண் ஆறவில்லை. நம் நாட்டில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அவருக்கு வியாழக்கிழமை தோறும் ஒரு கட்டு கீரையும் இரண்டு பாகற்காயும் கொண்டுபோய்க் கொடுப்பது என் பேரன். கிடங்கு வந்த பிறகு அவனிடம் எதைக் கொடுத்தனுப்புவது?

இன்னொன்று. சந்தையில் நம் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசும் எல்லோரும் முருங்கைக்கீரையை ‘பிரேத் மூரூம்’ என்கிறார்கள், பீர்க்கங்காயை ‘பிப்பங்காய்’ என்கிறார்கள், ரசத்தை ‘ரசோன்’ என்கிறார்கள். சீனக் கடைக்காரரும் அப்படித்தான் சொல்கிறார். நாற்பது வருடம் வகுப்பறையில் நான் மல்லுக்கட்டியும் நிற்காத தமிழ், காய்கறிக் கூடையில் யாரும் சொல்லிக் கொடுக்காமல் நிற்கிறது. உறைய வைத்த பையில் அந்தப் பெயர்கள் வராது.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சொல்வதற்கு முன்பு. ஆறு குடும்பமும் கொடுக்கும் வாடகை மிகக் குறைவு. பத்து வருடமாக அதை யாரும் ஏற்றவில்லை, நாங்களும் வாயைத் திறக்கவில்லை. ஒரு குடும்பத்தின் பாத்தி இரண்டு வருடமாகப் புல் மண்டிக் கிடக்கிறது, நீங்கள் படம் எடுத்தது அந்த மூலையைத்தான். மருந்தும் அடிக்கிறோம். முட்டைக்கோஸுக்கு வாரம் தவறாமல் அடிக்கும் ஒருவர் எங்களுக்குள்ளேயே இருக்கிறார், அவரோடு நான் பேசுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. உரம் இறக்குமதி, உருளைக்கிழங்கு விதையும் இறக்குமதி. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு உர மூட்டை விலையைக் கேட்டு நாங்களே பாதி நிலத்தைச் சும்மா விட்டோம். ஆகவே நாங்கள் கப்பலுக்கு வெளியே வாழ்கிறோம் என்று பெருமை பேச வரவில்லை. மண்டபக் கூரை ஒழுகுவதும் உண்மை. ஏசி இல்லாத மண்டபத்தில் டிசம்பர் மாதக் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்தவள் நானும்தான்.

கோயிலுக்குப் பணம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அதற்கு உள்ள வழிகளில் திரும்ப முடியாத வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், அதுவும் பொதுக்கூட்டத்தில் ஒரு கேள்விகூட வராமல். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே நான் கேட்பது இவை. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டுங்கள், அறிவிப்பைத் தமிழிலும் கிரியோலிலும் ஒட்டுங்கள், கம்பெனி தரும் தொகை எவ்வளவு, மண்டபத்துக்கு ஆகும் செலவு எவ்வளவு என்று கணக்கை முன்கூட்டியே எல்லோருக்கும் காட்டுங்கள். கூட்டம் எப்படி முடிந்தாலும் உருளைக்கிழங்கு எடுக்கும்வரை யாரையும் காலி செய்யச் சொல்லாதீர்கள்.

நிலம் நிற்குமானால், ஆறு குடும்பத்துக்கும் எழுத்தில் குத்தகை கொடுங்கள், நியாயமான வாடகை போடுங்கள். மூன்று மடங்கு ஏற்றினாலும் நான் கட்டத் தயார், மற்ற ஐந்தில் நாலு குடும்பம் ஒத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு வருடமாகப் புல் மண்டிய பாத்தியைத் திரும்ப வாங்கி, நம் மாலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். களைக்கொல்லி அடிப்பதில்லை என்று குத்தகையிலேயே எழுதுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன். கூரைக்கு வசூல் குழு அமைத்தால் வீடு வீடாக வர என் கால் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்த காவடிக்கு ஏழு கறியில் நாலையாவது இந்த நிலத்திலிருந்தும் இந்த ஊர்த் தோட்டக்காரர்களிடமிருந்தும் காசு கொடுத்து வாங்குங்கள். என்ன வேண்டும் என்று அக்டோபரிலேயே சொன்னால் அதற்கேற்ப விதைப்போம். பூசணி, பாகல், பீர்க்கங்காய், கீரை. வெயில் காலம், புயல் காலம், எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். இரண்டு கறி தப்பினால் ஐந்தோடு சாப்பிடலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பதிலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலே போதும். அதற்கு முன் ஒரு முறை, குழுவில் இருக்கும் ஒன்பது பேரும், அந்த நிலத்துக்குள் வந்து பாருங்கள். உங்களில் நாலு பேராவது அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு வாயில் திறந்திருக்கும். தண்ணீர்த் தொட்டியின் சாவியை நான் கொண்டுவருகிறேன். பனி இறங்கியிருக்கும், செருப்போடு வராதீர்கள், பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பின்சுவர்த் தோட்டத்தின் மூன்றாம் பாத்திக்காரி,
உங்கள் பழைய தமிழ் மிஸ்